பசுமை நிதி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முற்பணம் கேட்டால்

பெலியகொடையில் காய்கறிக் குளிர் களஞ்சியம் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டடம் குத்தகைக்கு எடுத்தது. மின்பட்டியல் மாதா மாதம் கழுத்தை நெரிக்கிறது. கூரையில் சோலார் போட வேண்டும், பழைய குளிரூட்டும் இயந்திரங்களையும் மாற்ற வேண்டும். இந்த நேரத்தில் முகவர் ஒருவர் வந்து, "ஐநாவின் பசுமை நிதியத்திலிருந்து திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு எடுத்துத் தருகிறேன், கோப்புச் செலவுக்கு மூன்று லட்சம் முற்பணம் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். டொரன்டோவில் இருக்கும் தம்பிக்கும் இங்கே பசுமைத் திட்டம் ஏதாவது ஒன்றில் கொஞ்சம் காசு போட ஆசையாம். முகவரை நம்பலாமா, உலக நாடுகள் தனியாருக்கென்று ஒதுக்கும் காலநிலை நிதி உண்மையில் எந்த வழியாக வருகிறது, கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டில் யார் காசு போடுவார்கள் என்று மூன்று கேள்விகள் கேட்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று லட்சத்தைக் கொடுக்காதீர்கள். பசுமைக் காலநிலை நிதியம் தென்கொரியாவின் சொங்டோவில் இருக்கிறது. அது தனிப்பட்ட கடைக்காரரிடமோ தொழிற்சாலைக்காரரிடமோ நேரே விண்ணப்பம் வாங்கிக் காசு கொடுப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாக மட்டும்தான் அதன் காசு நாடுகளுக்குள் போகும். பெரும்பாலும் அவை பன்னாட்டு வங்கிகள், ஐநா அமைப்புகள், சில உள்நாட்டு வங்கிகள். இலங்கையில் டிஎஃப்சிசி வங்கி 2023இல் அந்த அங்கீகாரத்தைப் பெற்றது. ஒரு திட்டம் நிதியத்தின் சபைக்குப் போவதற்கு முன் நம் நாட்டின் சார்பில் ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் வேண்டும், அதற்கான தொடர்பு சுற்றாடல் அமைச்சு. ஆகவே அந்த முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், எந்த அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் எந்தத் திட்டத்தின் கீழ் இந்தக் காசு வருகிறது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதை அவரால் தர முடியாவிட்டால் மேலே கதைக்க ஒன்றுமில்லை.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். காலநிலை நிதி என்றதும் பலருக்கும் நன்கொடைதான் ஞாபகத்துக்கு வருகிறது, கூட்டத்துக்குக் கூட்டம் பேசப்படும் பில்லியன்களும் அந்த எண்ணத்தைத்தான் வளர்க்கின்றன. 2009இல் கோபன்ஹேகனில் நடந்த ஐநா காலநிலை மாநாட்டில் வருடத்துக்கு 100 பில்லியன் டொலர் திரட்டுவோம் என்று பணக்கார நாடுகள் சொன்னன, 2020க்குள் எட்ட வேண்டிய அந்தக் கணக்கு 2022இல்தான் எட்டியது, அந்த வருடம் 115.9 பில்லியன் என்று பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி கணக்கிட்டது. ஆனால் அதற்குள் தனியார் முதலீடாகத் திரட்டப்பட்டது 21.9 பில்லியன் மட்டுமே. 2024இல் பாக்குவில் கூடிய அதே மாநாட்டில் இலக்கை 2035க்குள் வருடத்துக்கு 300 பில்லியன் என்று உயர்த்தினார்கள், எல்லா மூலங்களையும் சேர்த்து 1.3 டிரில்லியன் நோக்கிப் போக வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்த இடைவெளியைத் தனியார் காசு இல்லாமல் நிரப்ப முடியாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அரசுகளின் காசைத் தனியாருக்கு அள்ளிக் கொடுக்காமல், தனியார் எதற்குப் பயப்படுகிறாரோ அந்தப் பயத்தை மட்டும் வாங்கிக்கொள்ளப் பயன்படுத்துகிறார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

நான் பல வருடம் கொழும்பில் வங்கிக் கடன் கோப்புகளோடு இருந்தவன். ஒரு நல்ல திட்டம் ஏன் நின்றுபோகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் இயந்திரத்தின் விலை காரணமாக இருக்காது. ஏதோ ஓர் ஆபத்தைச் சுமக்க யாரும் முன்வராததுதான் காரணம். நாணயம் சரிந்தால் யார் நட்டம் தாங்குவது, மின்சாரத்தை வாங்குபவர் காசு கட்டாவிட்டால் என்ன செய்வது, அரசு மாறி ஒப்பந்தமும் மாறினால் யாரிடம் போவது, பத்து வருடம் கழித்துத் திரும்பும் காசுக்கு ஐந்து வருடக் கடன்தான் கிடைக்கிறது என்றால் நடுவில் என்ன செய்வது. காலநிலை நிதிக் கருவி ஒவ்வொன்றும் இந்தப் பயங்களில் ஒன்றுக்கான மருந்து.

முதல் நட்டத்தை ஏற்கும் மூலதனம் என்று ஒன்று இருக்கிறது. 100 ரூபாய்க்கு ஒரு நிதியம் அமைக்கிறார்கள் என்று வையுங்கள், அதில் 20 ரூபாய் அரசு அல்லது காலநிலை நிதியத்தின் காசு, மீதி 80 தனியார் காசு. திட்டங்களில் 15 ரூபாய் நட்டம் வந்தால் அந்த 15உம் பொதுக் காசிலிருந்தே போகும், தனியாருக்கு ஒரு சதமும் குறையாது. 25 போனால்தான் தனியார் 5 இழக்கிறார். அந்த 20 ரூபாய் இருக்கிறது என்பதற்காகவே 80 ரூபாய் உள்ளே வருகிறது. இதற்கு அடுத்தது உத்தரவாதம். உலக வங்கிக் குழுமத்தின் மிகா அமைப்பு, அரசு ஒப்பந்தத்தை மீறினாலோ டொலரை வெளியே எடுக்க விடாவிட்டாலோ நட்ட ஈடு தரும் காப்புறுதியை விற்கிறது. அப்புறம் சலுகைக் கடன், அதாவது சந்தை வட்டியைவிடக் குறைந்த, நீண்ட தவணையுள்ள கடனை உள்நாட்டு வங்கிக்குக் கொடுத்து, அந்த வங்கி உங்களுக்குக் கொடுக்கிறது. உங்களைப் போன்றவருக்கு நேரே பொருந்துவது இந்தக் கடைசி வழிதான், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் 750 மெகாவாட் சூரியப் பூங்கா ஒன்று. அதற்கு முன் இந்தியாவில் சோலார் ஏலத்தில் வந்த குறைந்த விலைகளில் ஒன்று ஒரு அலகுக்கு 4.34 இந்திய ரூபாய். 2017 பெப்ரவரியில் ரேவா ஏலத்தில் முதல் வருட விலை 2.97 ரூபாய்க்கு இறங்கியது. பனல் விலை குறைந்ததும் ஒரு காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் ஒப்பந்தத்தை வரைந்து கொடுத்தது, மின்சாரம் வாங்குபவர் காசு கட்டாவிட்டால் அடுத்தடுத்து மூன்று படிகளில் பாதுகாப்பு, கடைசிப் படியில் மாநில அரசின் உத்தரவாதம், காணியும் மின்தொடர்பும் முன்பே தயார், அந்தப் பொது உட்கட்டமைப்புக்கு உலக வங்கி வழியாக வந்த சலுகைக் கடன். இவ்வளவும் சேர்ந்தபோது முதலீட்டாளர்கள் தங்கள் விலைக்குள் மறைத்து வைக்கும் பயத்துக்கான கூலியைக் குறைத்துவிட்டார்கள். பொதுக் காசு கொஞ்சம்தான், ஆனால் அது சரியான இடத்தில் விழுந்தது.

நம் பக்கம் மன்னாரைப் பாருங்கள். 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலை ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனில் மின்சார சபைக்காகக் கட்டப்பட்டு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. கடனைச் சுமந்தது அரசின் தோள், ஆகவே அது நடந்தது. அதே மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்கு வந்த அதானி நிறுவனத்துக்கு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று பேசப்பட்டது. கேள்விப்பத்திரம் இல்லாமல் விலை பேசியது, பறவைகளின் பாதை, நீதிமன்ற வழக்குகள், அரசு மாற்றம், விலையை மறுபடி பேசுவது என்று இழுபட்டு 2025 பெப்ரவரியில் அவர்கள் விலகினார்கள். அதே மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைத் திட்டமொன்றுக்குக் கேள்விப்பத்திரம் கோரியபோது உள்ளூர் நிறுவனமொன்று 4.65 சதத்துக்கு எடுத்தது. இரண்டின் அளவும் நிபந்தனையும் வேறு, அப்படியே ஒப்பிடுவது முழு நியாயமில்லை. ஆனாலும் திறந்த போட்டி என்ன செய்கிறது என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. உத்தரவாதமும் சலுகைக் கடனும் மோசமான ஒப்பந்தம் ஒன்றின் மேல் விழுந்தால் நட்டம் நம் மக்களுக்குத்தான் வரும், இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. மன்னார் மக்கள் கேட்கும் கேள்விகளைத் தடையாகப் பார்ப்பவர்களோடும் நான் உடன்படவில்லை, ஊரை முதலிலேயே உட்காரவைத்துப் பேசாத திட்டத்துக்கு எந்தக் காப்புறுதியும் உதவாது.

சரி, கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் அறிவித்த நாட்டில் யார் காசு போடுவார்? போடுகிறார்கள், ஆனால் பயத்துக்கு விலை வைத்துத்தான் போடுகிறார்கள். நாட்டின் கடன் தரப்படுத்தல் கீழே இருக்கும்வரை நல்ல நிறுவனம்கூட வெளியில் மலிவாகக் கடன் வாங்க முடியாது. 2022இல் மின்சார சபை சிறிய உற்பத்தியாளர்களுக்குப் பல மாதப் பாக்கி வைத்திருந்ததை இந்தத் துறையில் இருந்த யாரும் மறக்கவில்லை. நாணய ஆபத்து இன்னும் கொடியது. டொலர் 200 ரூபாயாக இருந்தபோது ஒரு லட்சம் டொலர் கடன் எடுத்தவருக்கு அது இரண்டு கோடி ரூபாய், டொலர் 360 ஆனபோது அதே கடன் மூன்று கோடி அறுபது லட்சம். அவருடைய வருமானமோ ரூபாயில் அப்படியே நின்றது. நாணயச் சரிவை ஏற்றுக்கொள்ளவென்றே டிசிஎக்ஸ் என்ற நிதியம் 2007இலிருந்து ஆம்ஸ்டர்டாமில் இயங்குகிறது, ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் கட்டணம் உண்டு, அது கடைசியில் உங்கள் வட்டிக்குள்தான் வந்து உட்காரும். எனவே உங்களுக்கு என் உறுதியான அறிவுரை, வருமானம் ரூபாயில் என்றால் கடனும் ரூபாயில். டொலர் வட்டி எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் கை வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் களஞ்சியத்துக்கு வருகிறேன். ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் கூரைச் சோலாருக்கென்றே 50 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது, அது அரசு வழியாக உள்நாட்டு வங்கிகளுக்குப் போய் அங்கிருந்து வீடுகளுக்கும் தொழில்களுக்கும் போனது. வங்கியில் உட்கார்ந்து கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பலருக்குத் தங்கள் கையில் இருப்பது சர்வதேசக் காலநிலை நிதி என்று தெரியாது. இப்படியான கடன் வரிசைகள் திறக்கும், தீரும், மறுபடி வேறு பெயரில் திறக்கும். ஆகவே ஒரு வங்கியோடு நிற்காமல் மூன்று நான்கு வங்கிகளுக்குப் போங்கள். கிளை முகாமையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம், தலைமை அலுவலகத்தில் பசுமைக் கடனுக்குப் பொறுப்பானவரைத் தேடிப் பேசுங்கள். இன்று எந்தப் பன்னாட்டு நிறுவனத்தின் பசுமைக் கடன் வரிசை திறந்திருக்கிறது, வட்டி நிலையானதா அல்லது சந்தையோடு ஏறி இறங்குவதா, எத்தனை வருடத் தவணை, முதல் எத்தனை மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், கட்டட ஈடு இல்லாமல் தேசிய கடன் உத்தரவாத நிறுவனத்தின் உத்தரவாதத்தோடு தருவார்களா என்று கேளுங்கள். இந்த நிறுவனம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவோடு உங்களைப் போன்ற சிறு, நடுத்தரத் தொழில்களுக்காகவே அமைக்கப்பட்டது. குத்தகைக் கட்டடக்காரருக்கு ஈடுதான் பெரிய பிரச்சினை என்பதால் அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

வங்கிக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? கடந்த பன்னிரண்டு மாத மின்பட்டியல், எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறீர்கள் என்று ஒரு பொறியியலாளர் அளந்து கொடுத்த அறிக்கை, இரண்டு மூன்று விலைமனுக்கள். குத்தகை, கடன் தவணையைவிட நீண்டதாக இருக்க வேண்டும், கூரையில் சோலார் பூட்டக் கட்டடச் சொந்தக்காரர் சம்மதிக்கிறார் என்பது நொத்தாரிசு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடன் கிடைக்கும் என்று வாயால் சொன்னதை நம்பி பனலுக்கு முற்பணம் கட்டிவிட்டு, பிறகு குத்தகை ஒப்பந்தத்தில் இரண்டு வருடம்தான் பாக்கி என்று கண்டுபிடித்துத் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எவை பசுமைத் திட்டங்கள் என்று பிரித்துச் சொல்ல மத்திய வங்கி 2022 மே மாதம் வெளியிட்ட பசுமை நிதி வகைப்பாட்டில் உங்கள் திட்டம் எந்தப் பிரிவில் வருகிறது என்று வங்கியிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய குளிரூட்டும் இயந்திரத்தை மாற்றுவதும் சக்திச் சேமிப்புதான், சோலாருக்கு மட்டும் தனிக் கடன் எடுக்காமல் இரண்டையும் ஒரே கோப்பில் வையுங்கள். பலருக்கு இயந்திரத்தை மாற்றுவதில்தான் காசு சீக்கிரம் திரும்பி வருகிறது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கூரை முழுக்கப் பனல் அடித்து மிச்சத்தை மின்கட்டமைப்புக்கு விற்று லாபம் பார்க்கலாம் என்று நிறுவுநர்கள் சொல்வார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கும். அலகுக்குத் தரும் விலையும் புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. விற்பனையை நம்பிக் கடன் எடுத்தால் உங்கள் தவணை இன்னொருவரின் முடிவில் தொங்கும். உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, குளிர் களஞ்சியம் நடுப்பகல் வெயிலில்தான் அதிகம் மின்சாரம் இழுக்கும், சோலாரும் அப்போதுதான் உற்பத்தி செய்யும். ஆகவே உங்கள் பகல் தேவைக்கு மேல் ஒரு பனலும் போடாமல் கணக்குப் பாருங்கள், அதிலேயே கடன் அடைந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

தம்பிக்கு இரண்டு வழி. உங்கள் தொழிலில் பங்காளியாகக் காசு போடலாம், அதற்கு இங்குள்ள வங்கியில் உள்வரும் முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் வழியாகவே அனுப்ப வேண்டும், அப்போதுதான் பிறகு சட்டப்படி வெளியே எடுக்கலாம். வங்கிக்கு வெளியே உண்டியல்காரர் வழியாக அனுப்பினால் அந்த உரிமை போய்விடும். இல்லாவிட்டால் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும் பசுமை முறிகளை, அதாவது பசுமைத் திட்டங்களுக்காகக் கடன் திரட்ட வெளியிடும் பத்திரங்களை வாங்கலாம், டிஎஃப்சிசி வங்கி 2024இல் 2.5 பில்லியன் ரூபாய்க்கு வெளியிட்டது போன்றவை. முறி ரூபாயில் இருப்பதால் கனேடிய டொலரில் அவருக்கு என்ன மிஞ்சும் என்பது அவர் தாங்க வேண்டிய ஆபத்து, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரட்டிய காசு எந்தத் திட்டங்களுக்குப் போனது என்று வருடா வருடம் அறிக்கை வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. 2022இல் திரட்டிய அந்த 115.9 பில்லியனில் காலநிலை மாற்றங்களுக்குத் தக்கபடி நம்மைத் தயார்படுத்துவதற்கு 32.4 பில்லியன்தான் போனது, தனியார் காசு அந்தப் பக்கம் மிகக் குறைவு. காரணம் எளிது, வெள்ளத்தைத் தடுக்கும் சுவருக்கு யாரும் மாதக் கட்டணம் கட்டுவதில்லை. ஆனால் நீங்கள் இருப்பது களனி கங்கைக் கரையில். 2016 மே வெள்ளம் அந்தப் பகுதியில் எங்கே வரை ஏறியது என்று அயலவர்களிடம் கேட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர், மின்பலகை, கொம்பிரெசர் மோட்டர் மூன்றும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் பூட்டப்பட வேண்டும் என்று விலைமனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் மேலதிகச் செலவையும் கடன் தொகைக்குள் சேர்த்துக் கேளுங்கள்.