கொர்பான் என்று சொல்லிவிட்டால் போதுமா?

கேள்வி: மாதச் சம்பளம் 32,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் 3,200, சபைக் கட்டட நிதிக்கு 2,000 என்று தவறாமல் கொடுத்துவிடுகிறேன். அப்பா இறந்தபின் 74 வயது அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்குப் பணம் அனுப்புவேன். போன தடவை போனபோது பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், "சபைக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தா எனக்குக் குடுப்பா" என்கிறார். அவருடைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையை விட்டு நான் வந்துவிட்ட கோபமும் உண்டு. தாயைத் தம்மிலும் அதிகமாய் நேசிக்கிறவன் தமக்குப் பாத்திரன் அல்ல என்று இயேசு சொல்லியிருக்க, கர்த்தருக்குரியதை எடுத்து அம்மாவுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு சகோதரர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தில் அந்த மாத்திரை வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாதி மாத்திரையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து வசனம் கேட்கிறீர்கள். சரி, வசனத்துக்கே போவோம்.

நீங்கள் கேட்டிருப்பது புதுக் கேள்வி அல்ல. மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடுங்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் மகனுக்குக் கடமை தீர்ந்தது என்று வேதச் சட்டத்தைப் போதித்த அன்றைய வேதபாரகர் வழி வைத்திருந்தார்கள். பார்வைக்கு எவ்வளவு பக்தி! இயேசுவோ அவர்கள் முகத்துக்கு நேரே, உங்கள் பாரம்பரியத்தினால் "தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்", அதாவது செல்லாததாக்குகிறீர்கள், என்றார். பாத்திரன் அல்ல என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. சிலுவையில் தொங்கும்போதும் தாயை ஒரு சீஷனுடைய பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் அவர் உயிர் விட்டார். தாய்க்காக அவரை மறுதலிக்காதே என்பதுதான் அந்த வசனம். தாய்க்கு மருந்து வாங்காதே என்று அதில் எங்கே இருக்கிறது?

யாத்திராகமம் 20:12-இல் தகப்பனையும் தாயையும் "கனம்பண்ணுவாயாக" என்று இருக்கிறதல்லவா, அந்த எபிரெயச் சொல்லின் வேர் பாரம், எடை என்ற பொருள் கொண்டது. தமிழிலும் கனம் என்றால் மரியாதையும்தான், எடையும்தான். கால் தொட்டு வணங்குவதோ, "அம்மா நல்லாயிருக்கீங்களா" என்று போனில் கேட்பதோ மட்டும் இதில் அடங்காது. 1 தீமோத்தேயு 5-இல் விதவைகளைக் கனம்பண்ணச் சொல்லும் பவுல், அடுத்த வரியிலேயே பிள்ளைகளும் பேரன்மாரும் பெற்றாருக்குப் பதில் நன்மை செய்யப் பழகட்டும் என்று சோற்றுக் கணக்குக்கு வந்துவிடுகிறார். எட்டாம் வசனம் இன்னும் கடுமை: தன் வீட்டாரை விசாரியாதவன், அதாவது பராமரிக்காதவன், விசுவாசத்தை மறுதலித்தவன், "அவிசுவாசியிலும் கெட்டவன்". அதை நான் எழுதினால் கோபப்படுவீர்கள், எழுதியது பவுல்.

தசமபாகத்தில் கை வைக்கப் பயமா? உபாகமம் 14:28, 29-ஐப் பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடுகூடப் பரதேசியும், திக்கற்றவனும், விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாகவேண்டும். உங்கள் அம்மா யார்? தசமபாகத்தையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ உங்கள் பாஸ்டர் காட்டினால், ஐந்து வசனம் மேலே விதவையை ஒடுக்குகிறவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. கட்டட நிதிக்கு 2,000 என்று வேதத்தில் எந்தக் கட்டளையும் சொல்லவில்லை. முதலில் அதை அம்மா பக்கம் திருப்புங்கள். சுவர் இரண்டு மாதம் தாமதமாக எழும்பட்டும்.

அம்மா கோபப்படுகிறார் என்பதற்காகப் பழைய சபைக்குத் திரும்பவேண்டுமா என்றால், வேண்டாம். கனம்பண்ணுவது வேறு, வளர்ந்த மகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது வேறு. ஆனால் அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்துக் கையை மூடிக்கொள்ளவும் முடியாது.

பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதற்காக அந்த 2,000-ஐ மறுபடி கட்டட நிதிக்குத் திருப்பிவிடாதீர்கள். காய்கறியும் கேஸும் யாரும் இலவசமாக வீட்டுக்குக் கொண்டுவந்து தரப்போவதில்லை. சம்பளம் வந்த அன்றைக்கே, தசமபாகக் கவருக்கு முன்னால் அம்மாவின் கவரைப் போடுங்கள். முதல் மாதம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், அவருடைய கோவில் வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டு வாருங்கள்.