காணியும் காடும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் அப்பாவின் பெயரிலுள்ள அனுமதிப்பத்திரக் காணியில் நன்றாக முற்றிய தேக்கு பதினொன்று நிற்கிறது. வியாபாரி ஒருவர் நின்ற நிலையிலேயே மொத்தமாக விலை பேசுகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தரப்பட்ட அனுமதிப்பத்திரம் என்றால் காணி இன்னும் அரசுடையது. நட்டது அப்பாவே ஆனாலும் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும். கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு விண்ணப்பியுங்கள். வன இலாகா அலுவலர் வந்து மரங்களைப் பார்த்த பிறகுதான் கோடரி. வெட்டிய குற்றியைக் கொண்டுபோக இன்னொரு அனுமதி உண்டு. அது கையில் இல்லாமல் லொறி வீதிக்கு ஏறினால் மரத்தோடு வாகனமும் அரசுடைமையாகலாம். “பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வியாபாரி சொன்னாலும் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு வந்தால் காணிக்காரரையும் தேடி வருவார்கள்.

இனி அளவு. ஏமாற்றம் பெரும்பாலும் நடப்பது இங்கேதான். குற்றியின் நடுவில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அடியிலுள்ள நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. நடுச்சுற்று 40 அங்குலம், நீளம் 12 அடி என்றால் 10 × 10 × 12 ÷ 144, அதாவது 8.33 கன அடி. அதே குற்றியை ஒல்லியான நுனியில் 36 அங்குலம் என்று அளந்தால் 6.75தான் வரும். ஒரு குற்றியிலேயே ஒன்றரைக் கன அடிக்கு மேல் போய்விடுகிறது, பதினொரு மரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இந்தக் கணக்கு உண்மையான கன அளவில் ஏறக்குறைய 78 வீதத்தைத்தான் காட்டும். அறுப்புச் சேதம் அதிலேயே கழிந்துவிட்டது. “சேதத்துக்கு” என்று இரண்டாம் தடவை கழிக்க விடாதீர்கள். பட்டைக்குக் கழிப்பது நியாயம், பட்டையை உரித்துவிட்டு அளந்தால் அந்தப் பேச்சும் இல்லை.

வாங்குபவர் என்ன நீளம் கேட்கிறார் என்று தெரியாமல் துண்டு போடாதீர்கள். வெட்டிய குற்றியை வெயிலில் போட்டால் இரண்டு முனையும் வெடிக்கும். நிழலில் அடுக்கி, முனைகளுக்குப் பழைய பெயின்ராவது பூசுங்கள்.

கேள்வி: வெருகல் பக்கம் எடுத்த கொம்புத்தேன் இரண்டு மாதத்தில் நுரைத்து, போத்தல் மூடியைத் தள்ளிவிட்டது. கலப்படமா?

பதில்: அவசியமில்லை. தேனில் நீர் 20 வீதத்தைத் தாண்டினால் அதிலேயே இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) வேலை செய்து தேனைப் புளிக்கவைக்கத் தொடங்கும். மெழுகு மூடி போடாத அறைகளையும் சேர்த்து எடுத்தாலும், மழைக்குப் பின் எடுத்தாலும் நீர் கூடும். புழு இருக்கும் பகுதியோடு அடையைப் பிழிந்தால் புழுவின் சாறும் கலந்து தேன் இன்னும் விரைவாகக் கெடும். மூடியிட்ட பகுதியை மட்டும் வெட்டி, பிழியாமல் துணியில் தானாக வடியவிடுங்கள். இரண்டு மூன்று நாள் வைத்து நுரையை வழித்தபின் காய்ந்த போத்தலில் நிரப்புங்கள். நீர்வீதம் பார்க்கும் கைக்கருவி ஒன்றைச் சேகரிப்போர் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் வியாபாரியிடம் துணிந்து பேசலாம். தீக்குச்சிச் சோதனை, தண்ணீர்ச் சோதனை எதையும் நம்பாதீர்கள். தேனும் மெழுகும் சட்டப்படி வன விளைபொருள்தான், ஒதுக்குக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது.

கேள்வி: மூதூர் கிழக்கில் இடம்பெயரும் வரை நாங்கள் சேனை (காடு வெட்டிச் செய்யும் பயிர்) செய்த காணியில் இப்போது வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: கல் நட்டிருப்பது ஒன்று, வர்த்தமானியில் (அரச அறிவித்தல் இதழில்) வந்திருப்பது வேறு. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். ஒதுக்குக்காடு என்று வர்த்தமானியில் வந்திருந்தால் பிரதேச செயலாளரால் விடுவிக்க முடியாது, அமைச்சு வரை போகவேண்டும். வராவிட்டால் அது எஞ்சிய காடு என்ற வகை. அவற்றை 2001இன் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை வன இலாகாவிடம் கொடுத்தது. 2020 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த சுற்றறிக்கை பிரதேச செயலகங்களுக்கும் இடம் வைத்தது. இப்போது எது நடைமுறை என்று பிரதேச செயலகத்தில் விசாரித்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். ஆள் இல்லாத வருடங்களில் வளர்ந்த பற்றை வரைபடத்தில் காடாகத் தெரிவது இந்தப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் அநியாயம். பழைய அனுமதிப்பத்திரம், வாக்காளர் இடாப்பு, இடம்பெயர்ந்தோர் பதிவு, கிணற்றுக்கட்டின் படம் எல்லாம் சான்றாகும். எல்லை வரைபடத்தை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு அனுப்புங்கள்.