கேமரா ஓரத்துல உக்காந்து விடை சொல்லாதீங்க

வணக்கம் அக்கா,
ஆர்.கே.புரத்துல இருக்கோம். பொண்ணு மூணாவது படிக்கிறா. புகை ஜாஸ்தியாகி மறுபடி ஆன்லைன் கிளாஸ். கணக்குல அவ முழிச்சா கேமராவுக்கு ஓரமா உக்காந்து நானே விடைய சொல்லிடறேன், மத்த பசங்க முன்னாடி அசிங்கமாயிடுமேன்னு. அப்புறம் நான் சொல்லிக்குடுத்தா ‘மேம் இப்படி சொல்லல’ன்னு அழறா, நானும் கத்திடறேன். எனக்கே சின்ன வயசுலேர்ந்து கணக்குன்னா பயம். என்ன பண்றது?
ஒரு வாசகி, டெல்லி

வணக்கம்மா,

2020 மார்ச்ல கொரோனாவுக்கு ஸ்கூல மூடினாங்க, 2024 நவம்பர்ல புகைக்காக கிராப் (காத்து மாசு கூடக் கூட படிப்படியா போடற கட்டுப்பாடு) நாலாம் கட்டம் போட்டப்பவும் ஆன்லைன்தான். டெல்லியில இருக்கற வரைக்கும் இது திரும்பத் திரும்ப வரும், அதனால இப்பவே சரி பண்ணிக்கலாம்.

முதல்ல அந்த விடை சொல்றத விட்டுடுங்க. 52லேர்ந்து 27 கழிக்கச் சொன்னா நிறைய பசங்க 35னு எழுதுவாங்க, ரெண்டுலேர்ந்து ஏழு போகலன்னதும் ஏழுலேர்ந்து ரெண்ட கழிச்சு அஞ்சு போட்டுடறாங்க. இது கவனக்குறைவு இல்லம்மா, எப்பவும் பெரிசுலேர்ந்துதான் சின்னத கழிக்கணும்னு அவங்களே ஒரு விதி வச்சிருக்காங்க. அந்த 35ஐ பாத்தாதான் மேமுக்கு எங்க இடிக்குதுன்னு தெரியும். நேர்ல கிளாஸ் நடந்தா நோட்ட எட்டிப் பாத்தாவது கண்டுபிடிப்பாங்க, ஆன்லைன்ல நீங்க 25னு சொல்லிட்டா அவங்களுக்கு இருக்கற ஒரே வழியும் போச்சு, குழந்தைக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க.

உங்க பயத்தப் பத்தி. அமெரிக்காவுல ஒண்ணாவது ரெண்டாவது பசங்கள வச்சு 2015ல ஒரு ஆய்வு வந்துது, கணக்குக்குப் பயப்படற அப்பா அம்மா அடிக்கடி ஹோம்வொர்க்ல உதவி பண்ணின வீட்டுலதான் பசங்க அந்த வருஷம் கம்மியா கத்துக்கிட்டாங்க, பயமும் ஜாஸ்தியாச்சு. அவ்வளவா உதவாத வீட்டுல இந்தப் பாதிப்பு தெரியல. இதுக்காக நீங்க ஒதுங்கணும்னு நான் சொல்லமாட்டேன், டீச்சர் வேலைய மட்டும் விட்டுட்டு கேக்கற ஆளா இருங்க. ‘மேம் எப்படி போடச் சொன்னாங்க, எனக்கு காமி’ன்னு கேளுங்க, அவ சொல்லட்டும், நடுவுல நம்ம காலத்து முறைய நுழைக்காதீங்க.

கடன் வாங்கிக் கழிக்கறதுதான் சிக்கல்னா காசு எடுங்க. அஞ்சு பத்து ரூபா நோட்டு, ரெண்டு ஒரு ரூபா காசு, 52 ஆச்சா, அதுலேர்ந்து 27 ரூபா குடுன்னு கேளுங்க. ஏழு ரூபாக்கு சில்லறை பத்தாதுன்னு அவளே தடுமாறுவா, ஒரு பத்த மாத்தணும்னு அவளே சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காம இருங்க (இதுதான் கஷ்டம், கை பரபரக்கும்). மாத்தினதும் நாலு பத்து, பன்னெண்டு ஒண்ணு. இத பாத்தப்புறம் அதே கணக்க நோட்டுல போடட்டும். மதர் டெய்ரி பூத்துக்குப் போறப்ப மீதி எவ்ளோன்னு அவகிட்டயே கேளுங்க, தப்பா சொன்னாலும் திட்டாதீங்க. அழ ஆரம்பிச்சா நோட்ட மூடிடுங்க, அன்னைக்கு அவ்வளவுதான்.

இன்னைக்கே மேமுக்கு ஒரு வாட்ஸப் போடுங்க, ‘இதுவரைக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன், இனிமே அவளே போடுவா, தப்பு வந்தா பாத்து சொல்லுங்க’ன்னு.