எறிஞ்சது ஒருத்தன், நின்னது கிளாஸ் பூரா: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருந்துச்சு. ஸ்கூல்ல மனித உரிமை சொல்லித் தர்றது, உலகக் குடிமக்கள் கல்வின்னு ஒண்ணு வருதே அது என்னன்னு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. இந்த வருஷம் உலகக் குடிமக்கள் கல்வி ஆரம்பிக்கப் போறோம்னு ஸ்கூல்ல சொன்னாங்க. சொந்த நாட்டு மேல பற்று வேர் பிடிக்கிறதுக்குள்ளயே உலகம் உலகம்னு சொல்லிக் குடுத்தா புள்ளைங்க எதுலயும் ஒட்டாம போயிடாதா? இது மேல்நாட்டுக்காரங்க நம்ம தலையில கட்டுறதுன்னு என் வீட்டுக்காரர் சொல்றார். – ஒரு தாய்

பயப்படாதீங்கம்மா. இதுல பாஸ்போர்ட்டும் கிடையாது, ஓட்டும் கிடையாது. இது சட்டப்படியான அந்தஸ்து இல்லைன்னு ஐ.நா.வோட கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவே தெளிவா சொல்லியிருக்கு. எங்கேயோ இருக்கிற ஒரு மனுஷனுக்கு நடக்குற அநியாயம் நமக்கும் சம்பந்தப்பட்டதுன்னு தோணணும், நாம பண்ற காரியம் அவங்களை எப்படித் தொடுதுன்னு யோசிக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு விஷயம் சொல்லுங்க. இந்தப் பாடத்துக்கு அடிப்படையே எல்லா மனுஷங்களுக்கும் பொதுவான உரிமைகளைச் சொல்ற மனித உரிமைப் பிரகடனம்தான். 1948 டிசம்பர் 10ஆம் தேதி பாரிஸ்ல அதை ஐ.நா. ஏத்துக்கிச்சு, 48 நாடு ஆதரவு, எதிர்ப்பு ஒண்ணுகூட இல்ல, 8 நாடு ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கிச்சு. அதை உருவாக்கின ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்குத் தலைவர் அமெரிக்காவோட எலினோர் ரூஸ்வெல்ட்தான், ஆனா கூடவே சீனாவோட பி.சி. சாங், லெபனானோட சார்லஸ் மாலிக், சிலியோட ஹெர்னான் சாந்தா க்ரூஸ், இந்தியாவோட ஹன்சா மேத்தா எல்லாரும் உக்காந்து வரிக்கு வரி சண்டை போட்டிருக்காங்க. ஆம்பளைங்களுக்கு மட்டும் சொன்ன மாதிரி இருந்த முதல் பிரிவை விடாம வாதாடி மாத்த வச்சது ஹன்சா மேத்தாதான். அவங்க யாரு? விடுதலைப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனவங்க, 1947 ஆகஸ்ட்ல அரசியல் நிர்ணய சபையில இந்தியப் பெண்கள் சார்பா தேசியக் கொடியைக் குடுத்தவங்க. நாட்டுக்காகவும் நின்னாங்க, உலகத்துக்காகவும் பேசினாங்க, அவங்களுக்குள்ள அது ரெண்டும் முட்டிக்கவே இல்லையே.

இன்னொண்ணும் மறைக்காம சொல்லிக் குடுக்கணும். அன்னைக்கு ஐ.நா.வுல 58 நாடுதான் இருந்துச்சு, ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் பல நாடுகள் அப்பவும் அடிமைப்பட்டுத்தான் கிடந்துச்சு, அவங்க குரல் அந்த அறைக்குள்ள இல்ல. இதையும் சேர்த்துப் படிச்சாத்தான் பொண்ணுக்கு முழுசா புரியும்.

கேள்வி: நான் ஆறாவது, ஏழாவதுக்கு எடுக்கிறேன். பசங்களுக்கு உரிமைன்னு சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் ஹோம்வொர்க் கேட்டா "ஓய்வு எடுக்கிறது என் உரிமை மிஸ்"னு நிப்பாங்க. கிளாஸை எப்படிக் கட்டி மேய்க்கிறது? – ஒரு ஆசிரியை

டீச்சர், உங்களுக்குத்தான் நிறைய எழுதணும்னு தோணுது, ஏன்னா இந்தப் பாடம் ஜெயிக்கிறதும் தோக்கிறதும் நீங்க நிக்கிற இடத்துலதான்.

முதல்ல ஹோம்வொர்க். அந்தப் பையன் சொல்றது வெறும் சாக்குன்னு தள்ளிடாதீங்க, 1989ல வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 31வது பிரிவே ஓய்வும் விளையாட்டும்தான். "சரிப்பா, 28வது பிரிவு படிப்பும் உன் உரிமைன்னு சொல்லுதே, ரெண்டும் மோதுனா என்ன பண்ணலாம்?"னு கிளாஸ்லயே கேளுங்க. நேத்து ஹோம்வொர்க் முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒவ்வொருத்தரா சொல்லட்டும். ஒரே நாள்ல எல்லா டீச்சரும் சேர்ந்து குடுத்துத் தள்ளியிருக்காங்கன்னு அப்பத்தான் வெளிய வரும், இல்ல அந்தப் பையன் சாயங்காலம் பூரா விளையாடிட்டு வந்திருக்கான்னும் வெளிய வரலாம். எதுவா இருந்தாலும் அது நல்ல பாடம்.

இப்ப இன்னொரு காட்சி. நீங்க போர்டுல எழுதிக்கிட்டு இருக்கீங்க, பின்னாலேர்ந்து ஒரு சாக்பீஸ் துண்டு வந்து விழுது. யாருன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கல. கோவத்துல "எல்லாரும் எழுந்து நில்லுங்க, யாருன்னு சொல்ற வரைக்கும் உக்காரக் கூடாது"ன்னுடுறோம். அன்னைக்கு நடத்த வேண்டிய பாடமே மனித உரிமைப் பிரகடனத்தோட 11வது பிரிவுன்னு வச்சுக்கங்க, குத்தம் நிரூபிக்கப்படுற வரைக்கும் ஒருத்தர் நிரபராதின்னு சொல்ற பிரிவு. முன் பெஞ்சுல குனிஞ்சு நோட்டு எழுதிக்கிட்டு இருந்த பொண்ணு, சாக்பீஸ் விழுந்ததைக்கூடப் பாக்காத பொண்ணு, கால் கடுக்க நின்னுக்கிட்டு இருக்கு. அதுக்கு என்ன புரியும்? தப்பே பண்ணலைன்னாலும் தண்டனை வரும், பெரியவங்க கோவம்தான் சட்டம், தப்பிக்கணும்னா யாரையாவது காட்டிக் குடுக்கணும், இதான் புரியும். அதுக்கப்புறம் நீங்க 11வது பிரிவை எவ்வளவு அழகா விளக்குனாலும் அது பரீட்சைக்கு எழுதுற வரியாத்தான் போகும்.

ரொம்ப மோசமா படிச்ச பையனோட மார்க்கை எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிக்கிறதும் இதே கதைதான். ஸ்கூல் ஒழுங்குங்கிறது குழந்தையோட மானத்துக்குப் பங்கம் வராத மாதிரி இருக்கணும்னு குழந்தைகள் உடன்படிக்கையோட அந்த 28வது பிரிவுலயே எழுதியிருக்கு, நாமதான் கல்வி உரிமையோட நிறுத்திட்டு மிச்சத்தைப் படிக்கிறதில்ல.

ஒழுங்கு போயிடும்னு கவலைப்படுறீங்கல்ல, யானுஷ் கோர்ச்சாக் பண்ணினதைக் கேளுங்க. போலந்து நாட்டு டாக்டர், 1912லேர்ந்து வார்சாவுல யூதக் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்தினவர். அங்க குழந்தைகளே நீதிபதியா உக்கார்ற ஒரு கோர்ட் இருந்துச்சு, யாரு யாரு மேல வேணா புகார் குடுக்கலாம், பெரியவங்க மேலயும் குடுக்கலாம், கோர்ச்சாக்கே அந்தக் கோர்ட்டு முன்னாடி நின்னிருக்கார். அதோட சட்டப் புத்தகத்துல முதல் 99 பிரிவும் மன்னிக்கிறதுக்கான வழிகள்தான். பையன் தெரியாம பண்ணிட்டான், திருந்துறேன்னு சொல்றான், இனிமே பாத்துப்போம், இப்படி. அதனால இல்லம் ஒண்ணும் குட்டிச்சுவரா போகல, வசதி இல்லாத குழந்தைங்க கூட்டம் கூட்டமா இருந்த இடம், அது பல வருஷம் நடந்துச்சு. 1942 ஆகஸ்ட்ல நாஜிகள் அந்தக் குழந்தைகளை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டு போனப்ப அவர் அவங்களை விட்டுப் பிரியல, கூடவே போய் அங்கயே கொல்லப்பட்டார். பின்னாடி குழந்தைகளுக்குன்னு தனி உடன்படிக்கை வேணும்னு 1978ல ஐ.நா.வுல முதல்ல பேச்செடுத்ததும் அதே போலந்துதான்.

நீங்க கோர்ட்டெல்லாம் வைக்க வேணாம் டீச்சர். வருஷ ஆரம்பத்துல கிளாஸ் விதிகளைப் பசங்களோட உக்காந்து எழுதுங்க, "ஒருத்தர் பேசும்போது குறுக்க பேசக் கூடாது"ன்னு அவங்க எழுதுனா அது உங்களுக்கும் சேர்த்துத்தான்னு ஒத்துக்கங்க. நீங்க குறுக்க பேசி ஒரு பையன் தைரியமா சுட்டிக் காட்டி நீங்க "ஆமா, நீ முடி"ன்னு சொல்றீங்க பாருங்க, அந்த நிமிஷத்துல அவங்க கத்துக்கிறதை எந்தப் புத்தகமும் தராது. ஆரம்பத்துல சத்தம் கூடத்தான் இருக்கும், அதுக்காக விட்டுடாதீங்க.

கேள்வி: உரிமை உரிமைன்னே பேசுறீங்களே, கடமையைப் பத்தி யார் சொல்லிக் குடுக்கிறது? – ஒரு தாத்தா

ஐயா, பிரகடனத்தோட 29வது பிரிவே சமூகத்துக்கு நாம செய்ய வேண்டிய கடமையைத்தான் சொல்லுது, அதையும் சொல்லித்தான் ஆகணும். ஆனா கடமையைச் செஞ்சாத்தான் உரிமைன்னு மட்டும் குழந்தைங்ககிட்ட சொல்லிடாதீங்க. உரிமைங்கிறது வேலை பாத்ததுக்குக் குடுக்கிற கூலி இல்ல. ஹோம்வொர்க் பண்ணாத பையனுக்கும் அடி வாங்காம இருக்கிற உரிமை உண்டு.

கேள்வி: நான் ஒன்பதாவது. பிரகடனத்துல இருக்கிற 30 பிரிவையும் மனப்பாடம் பண்ணி ஃபுல் மார்க் வாங்கிட்டேன். ஆனா இதை வச்சு நான் என்ன பண்றதுன்னு தெரியல. – ஒரு மாணவி

இப்படிக் கேக்கத் தோணிச்சு பாரு, அதுவே பெருசும்மா. 30ஐயும் ஒரேயடியா தூக்கிக்கிட்டு அலையாத, ஒண்ணை எடு. நீ போட்டிருக்கிற சட்டையோட காலர்ல ஒரு லேபிள் இருக்கும், எந்த நாட்டுல தைச்சதுன்னு போட்டிருக்கும், அங்கேர்ந்து ஆரம்பி.

வங்கதேசத்துல ராணா பிளாசான்னு எட்டு மாடிக் கட்டடம், உள்ள பல துணி ஃபேக்டரி, தைச்ச துணி பெரிய பெரிய வெளிநாட்டு பிராண்டுக்குப் போகும். 2013 ஏப்ரல் 23ஆம் தேதி சுவர்ல விரிசல் கண்டுச்சு, எல்லாரையும் வெளிய அனுப்புனாங்க. கீழ் மாடியில இருந்த பேங்க் தன் ஆளுங்களை மறுநாள் வர வேணாம்னு சொல்லிடுச்சு. ஆனா தையல் தொழிலாளிகளை வந்தே ஆகணும்னு உள்ள அனுப்புனாங்க, 24ஆம் தேதி காலையில கட்டடம் அப்படியே இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்துட்டாங்க. இப்ப நீ மனப்பாடம் பண்ணின 23வது பிரிவைத் திருப்பி எடுத்துப் படி. நியாயமான வேலைச் சூழல், சங்கம் சேர்ற உரிமை. பலமான சங்கம் இருந்திருந்தா "நாங்க உள்ள போக மாட்டோம்"னு அந்தப் பெண்களால சேர்ந்து நிக்க முடிஞ்சிருக்கும்ல? அதே வருஷம் மே மாசம் உலகம் பூரா எழுந்த கோவத்துல பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து சட்டப்படி கட்டுப்படுத்துற ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டாங்க, ஃபேக்டரி ஃபேக்டரியா போய் சோதனை பண்ணினாங்க. கடையில துணி வாங்குறவங்க கேட்ட கேள்விக்கும் அதுல பங்கு இருக்கு. நீயும் ஒரு கம்பெனிக்கு லெட்டர் எழுதலாம், உங்க துணியை எங்க தைக்கிறீங்க, அங்க சங்கம் இருக்கான்னு. பதில் வரலைன்னா இன்னொண்ணு எழுது, கிளாஸ் பூரா கையெழுத்துப் போட்டு எழுதுங்க.

கேள்வி: போர்ஷன் முடிக்கவே நேரம் இல்ல. இதுக்குத் தனி பீரியட் எங்கேர்ந்து எடுக்கிறது? – ஒரு தலைமை ஆசிரியர்

எடுக்கவே வேணாம் சார். 2011ல ஐ.நா. போட்ட மனித உரிமைக் கல்விப் பிரகடனம் மூணு விஷயம் கேக்குது: உரிமைகளைத் தெரிஞ்சுக்கிறது, உரிமைகளை மதிக்கிற விதத்துல சொல்லித் தர்றது, உரிமைக்காக நிக்கத் தயார் பண்றது. இதுல நடுவுல இருக்கிறதுக்கு ஒரு நிமிஷம்கூட கூடுதலா வேணாம், அது நீங்க ஸ்கூலை நடத்துற விதம். ஸ்டூடண்ட் கவுன்சில்னு ஒண்ணு பேருக்கு இருந்தா அதுக்கு நிஜமா ஒரு முடிவைக் குடுங்க. டாய்லெட் சாவி, லைப்ரரி நேரம், ஸ்போர்ட்ஸ் கிரவுண்டை யாரு எப்ப பயன்படுத்துறதுன்னு. டாய்லெட்டுல தண்ணி இல்லைன்னு பொண்ணுங்க சொல்லி அது சரியாகாத ஸ்கூல்ல டிசம்பர் 10 மனித உரிமை நாள் கொண்டாடுறது சரியில்ல.

கேள்வி: டிவியில போர், அகதிகள்னு பாத்துட்டு என் ஒன்பது வயசுப் பையன் கேள்வி மேல கேள்வி கேக்குறான். எவ்வளவு சொல்லலாம்? – ஒரு அப்பா

அவன் கேக்குற அளவுக்கு, உண்மையைச் சொல்லுங்க. ரத்தம் சிந்துற காட்சி வேணாம், அது அவன் தூக்கத்தைக் கெடுக்குமே தவிர ஒண்ணும் புரிய வைக்காது, அதோட படத்துல அடிபட்டுக் கிடக்குற குழந்தைக்கும் மானம் உண்டுன்னு அவன்கிட்ட சொல்லுங்க. வீட்டை விட்டு ஓடி வர்றவங்க வேற நாட்டுல தஞ்சம் கேக்கலாம்னு பிரகடனத்தோட 14வது பிரிவு சொல்லுது, உயிருக்கு ஆபத்து இருக்கிற இடத்துக்கே அவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்லுதுன்னு எளிமையா சொல்லலாம். "பாவம்"கிறதோட நிறுத்தாதீங்க, ஓடி வர்றவங்கள்ல டாக்டர், மெக்கானிக், அவனை மாதிரியே கணக்கு வராத பையன் எல்லாரும் இருப்பாங்கன்னு சொல்லுங்க.

அப்படி வந்த குழந்தை அவன் கிளாஸ்லயே இருக்கலாம். அந்தக் குழந்தையை எழுப்பி நிறுத்தி "உங்க ஊர்ல என்ன நடந்துச்சு சொல்லு"ன்னு யாரும் கேக்கக் கூடாது, டீச்சர் நல்ல எண்ணத்துல கேட்டாலும் கூடாது, உங்க பையன்கிட்டயும் இதைச் சொல்லி வைங்க. விளையாடக் கூப்பிடட்டும், விடுபட்ட நோட்ஸைக் குடுக்கட்டும். அந்தக் குழந்தையா எப்பவாவது சொல்ல வந்தா குறுக்க பேசாம கேக்கட்டும், கேட்டதை இன்னொருத்தர்கிட்ட போய் சொல்லாம இருக்கட்டும்.