தண்ணியில்லாக் காட்டில் 20 கிலோமீட்டர்: இரண்டு லிட்டர் எந்த மூலைக்கு?

கேள்வி: அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மலைக்காட்டில் 20 கி.மீ. சுற்றுப்பாதையை ஒரே நாளில் நடக்க இரண்டு லிட்டர் தண்ணீர் போதுமா?

போதாது. ஆளுக்கு ஐந்து லிட்டர். பெங்களூரிலிருந்து விடியற்காலையில் வண்டியெடுத்து வருகிறவராகத்தான் இருப்பீர்கள். கொடைக்கானல் கணக்கை இங்கே போடாதீர்கள். இந்த மேலகிரி மலை இலையுதிர் காடு. பிப்ரவரி தாண்டினால் நிழல் கிடையாது, பாறை சுடும், காட்டுத்தீ பயமும் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரைதான் நடக்கிற காலம்.

அனுமதி இல்லாமல் போகச் சொல்கிறேன் என்று யாரும் கீழே சண்டைக்கு வர வேண்டாம். இந்தப் பக்கத்துக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014லும் தெற்கு சரணாலயம் 2022லும் அறிவிக்கப்பட்டவை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி இரண்டும் இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

இனி ஐந்து லிட்டர் கணக்கு. சமவெளியில் மணிக்கு ஐந்து கி.மீ. நடப்பவர், உண்ணிச்செடியும் சரளையும் நிறைந்த ஏற்றத்தில் இரண்டரைதான் நடப்பார். எட்டு மணி நேர நடை, ஒரு மணி ஓய்வு. மணிக்கு அரை லிட்டர் என்றால் நாலரை. மீதி அரை லிட்டர் கையிருப்பு. ஒரே பையில் ஊற்றாதீர்கள். வெள்வேல முள் ஒன்று குத்தினால் மொத்தமும் போச்சு. ஒரு லிட்டர் பாட்டில் ஐந்தாகப் பிரியுங்கள். அதில் ஒன்றில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. வெறும் தண்ணீரையே குடித்து வியர்த்தால் மதியம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

சுற்றுப்பாதையில் பலர் யோசிக்காதது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது. காலையில் மேற்குச் சரிவில் ஏறுங்கள், வெயில் அந்தப் பக்கம் வர நேரமாகும். மதியத்துக்கு மேல் கிழக்குச் சரிவில் இறங்குங்கள், மலையே நிழல் தரும். ஓடை பிற்பாதியில் வருமாறு அமைந்தால் இன்னும் நல்லது. 11 மணிக்குள் பாதி தாண்டாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். தெரியாத பாதியைவிடத் தெரிந்த பாதி மேல்.

ஓடை காய்ந்திருந்தாலும் வளைவின் வெளிப்பக்க மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் சில இடங்களில் ஊறும். முதலில் வருகிற கலங்கலை இறைத்துவிட்டுத் தெளிய விடுங்கள். துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கலங்கலோடு போட்டால் மாத்திரை சரியாக வேலை செய்யாது. ஏற்கெனவே குழி இருந்து சுற்றிலும் மணல் மிதிபட்டிருந்தால், தோண்டியது யானை. அங்கே உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

யானை லத்தி (சாணம்) கருத்து ஈரமாக, ஈ மொய்த்தால் புதியது. ஒடிந்த கிளையில் இலை வாடாமல் இருந்தாலும் அப்படித்தான். ஒரு சிட்டிகை மண்ணைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் வாடை முன்னால் போகிறது என்றால் பின்வாங்குங்கள். அகலமாக, சுத்தமாக ஒரு தடம் பிரிந்தால் ஆசைப்படாதீர்கள். மாட்டுத்தடம் பட்டிக்குப் போகும், யானைத்தடம் தண்ணீருக்குப் போகும். இரண்டும் உங்கள் வண்டி நிற்கிற இடத்துக்குப் போகாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். டவர் தேடியே பேட்டரி தீரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதிகாரியை மாற்றுவதென்றால் ‘தண்ணியில்லாக் காடு’ என்று எங்கள் தர்மபுரிப் பக்கத்தையும் நக்கலடிப்பார்கள். கர்நாடகம் விடுகிற காவிரித் தண்ணீரை அளப்பதே இங்கே, மாநில எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில்தான் ஐயா! ஒகேனக்கல்லில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்குப் பின்னால் நிற்கிற மலை கண்ணில் படுவதில்லை.

காலுக்குக் கணுக்கால் மூடிய, கெட்டி அடி ஷூ. பருத்திச் சாக்ஸ் வேண்டாம், ஊசிப்புல் துணியில் ஏறிச் சதையைக் குத்தும். முள் எடுக்க ஒரு ஊக்கு. வண்டியில் தனியாக இரண்டு லிட்டர் வைத்துவிட்டுப் போங்கள், நீங்கள் கேட்ட அந்த இரண்டு லிட்டர் அதுதான்.