அஸ்வெசும படிவமும் தம்பியின் பட்டாவும்

கேள்வி: நாங்கள் நெடுங்கேணிப் பக்கம். நானும் அவரும் பள்ளிக்கூடம் போற இரண்டு பிள்ளையளும். அவருக்கு இரண்டு வருசமாச் சிறுநீரக வருத்தம், வவுனியா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்வாறார். ஒரு மாடு, அரை ஏக்கர் கச்சான், என்ர தையல் எல்லாம் சேர்த்து மாதம் 35 ஆயிரம் வரும். அரசாங்கத்தின்ர அஸ்வெசும நிவாரணத்தில மாதம் 10 ஆயிரம் வந்துகொண்டிருந்தது. தகவல் புதுப்பிச்ச பிறகு நிண்டிட்டுது. என்ர பேரில வாகனம் இருக்காம். அது இவரின்ர தம்பி ஓடுற பட்டா, சின்ன லொறி. தம்பிக்குக் கிரிப்பில, அதான் கடன் கட்டின விவரம் பதியிற இடத்தில, பேர் அடிபட்டிருந்ததால என்ர பேரில லீசிங் எடுத்தவர். மாதம் 38 ஆயிரம், 60 தவணை, 17 கட்டியாச்சு. அதில இரண்டு தவணை அவருக்குக் கட்ட ஏலாமல் போக, நான் குழுக்கடன் 60 ஆயிரம் எடுத்து, மோதிரத்தை 16 ஆயிரத்துக்கு அடகு வைச்சுக் கட்டினன். குழுக்கடனுக்குக் கிழமைக்கு 1,350, 52 கிழமை. தம்பிதான் மாதாமாதம் இவரைக் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போறவர், அதால முகத்தை முறிக்கவும் ஏலாது. முறையீட்டில வருமானம் 15 ஆயிரம் எண்டு எழுதச் சொல்லுகினம். எவ்வளவு எழுதினால் திரும்பக் கிடைக்கும்? சிறுநீரக நோயாளியளுக்கு அரசாங்கம் குடுக்கிற காசும் அஸ்வெசுமவும் ஒரு வீட்டுக்கு இரண்டும் குடுக்க மாட்டினமாம், உண்மையோ? மாதம் 4,500 கட்டினால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க வரும் எண்டு காப்புறுதி ஏஜென்ட் ஒருவரும் வீட்டுக்கு வந்து போறார்.

பதில்: சகோதரி, எவ்வளவு எழுதினால் கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். 35 ஆயிரம் வந்தால் 35 ஆயிரம் என்றே எழுதுங்கள். அதைக் குறைப்பதால் உங்களுக்கு ஒரு சதமும் கூட வராது.

உங்கள் வீட்டில் நான்கு பேர். 35,000ஐ நான்கால் பிரித்தால் ஆளுக்கு மாதம் 8,750 ரூபா. 2025இல் நாட்டின் உத்தியோகபூர்வ வறுமைக் கோடே ஆளுக்கு மாதம் 16,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. அந்தக் கோட்டின் பாதியளவில் நிற்கிற குடும்பம் உங்களது. உள்ளதை உள்ளபடி எழுதினாலே ஏழைக் குடும்பம்தான், பிறகு எதற்குப் பொய்? அஸ்வெசுமவில் இந்த வருமானத்துக்குக் கீழே என்றால் உள்ளே, மேலே என்றால் வெளியே என்கிற ஒற்றைக் கோடும் கிடையாது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்தால் 22 அளவுகோல்களை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். வீட்டில் நீண்டகால நோயாளி இருப்பது உங்களுக்குச் சாதகமான புள்ளி. வாகனம் இருப்பது பாதகமான புள்ளி. உங்கள் பத்தாயிரத்தை நிறுத்தியது வருமானக் கட்டமல்ல, சொத்துக் கட்டம்.

15 ஆயிரம் என்று எழுதச் சொன்னவர்களுக்கு இன்னொரு தாள் ஞாபகம் வரவில்லை. மாதம் 38 ஆயிரம் தவணைக்கு ஒரு நிறுவனம் லீசிங் தந்ததென்றால், உங்கள் வருமானம் அதைவிட நன்றாகக் கூட என்று காட்டிய விண்ணப்பம் ஒன்று அந்தக் கோவையில் இருக்கும். தம்பியோ லீசிங்காரரோ நிரப்பியிருப்பார்கள், கீழே கையெழுத்து உங்களுடையது. இப்போது முறையீட்டில் 15 ஆயிரம் என்று எழுதி அதற்கும் கையெழுத்து வைத்தால், ஒரே ஆளுடைய கையெழுத்தில் ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு தாள்கள். அயலில் யாராவது ஓர் ஆட்சேபனை எழுதிப் போட்டால் போதும். அஸ்வெசுமவில் ஆட்சேபனை தெரிவிக்க எவருக்கும் இடமுண்டு. விசாரணைக்கு வருகிற உத்தியோகத்தருக்கு முற்றத்தில் பட்டா நின்ற தடமே கதை சொல்லும்.

ஆகவே நீங்கள் நிறுத்த வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பெயரை இரவல் கொடுப்பது. பெயரை இரவல் கொடுத்தால் செலவில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள்.

நின்றுபோன அஸ்வெசும வருடத்துக்கு 120,000. குழுக்கடனுக்கு 1,350ஐ 52 தடவை கட்டினால் 70,200, அதில் வட்டி 10,200. அறுபதாயிரத்துக்கு அது 17 வீதம்தான் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அறுபதாயிரம் வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கவில்லை. கிழமைக்குக் கிழமை திருப்பிக் கொடுப்பதால் சராசரியாகப் பார்த்தால் கையிலிருப்பது முப்பதாயிரமளவுதான். முப்பதாயிரத்துக்கு 10,200 என்றால் வட்டி 34 வீதத்தைத் தொடுகிறது. இவற்றோடு தம்பிக்காகக் கட்டிய இரண்டு தவணை 76,000. எல்லாம் சேர்த்து இந்த ஒரு வருடத்தில் 206,200 ரூபா, அடகு வட்டி புறம்பு. மறுபக்கத்தில் தம்பி செய்கிற உதவி, மாதம் ஒருமுறை வவுனியாவுக்கு ஏற்றி இறக்குவது. வாடகைக்குப் பிடித்தால் ஒரு நடைக்கு ஐயாயிரம் என்று தாராளமாகவே போடுவோம், வருடத்துக்கு 60,000. புளியங்குளம் வழியாக பஸ்ஸில் போனால் அதில் சிறு பங்குதான். முகத்தை முறிக்க ஏலாது என்கிறீர்கள். அந்த முகத்துக்கு நீங்கள் கொடுக்கிற விலை இது.

இனி வரப்போவது இதைவிடப் பெரிது. மிச்சம் 43 தவணை. 38,000 வீதம் 16 இலட்சத்து 34 ஆயிரம். தம்பி மூன்று நான்கு மாதம் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும், பிறகு வாகனத்தைத் தூக்குவார்கள். தூக்கிக்கொண்டு போனால் சனி விட்டது என்று நிம்மதி கொள்ள வேண்டாம். ஏலத்தில் வந்த காசு கடனுக்குக் காணாவிட்டால் மிச்சத்தை உங்களிடமும், பிணை நின்றவரிடமும்தான் கேட்பார்கள். தவணை பிந்தியது உங்கள் கிரிப் அறிக்கையில்தான் ஏறும். அவருடைய பெயர் அங்கே கெட்டதால்தான் உங்கள் பெயரைக் கேட்டார். உங்கள் பெயரும் கெட்டால் நாளைக்கு மாட்டுக் கடனுக்கோ வீட்டுத் திருத்தத்துக்கோ நீங்கள் யாருடைய பெயரைக் கேட்பீர்கள்?

இந்தக் கிழமையே லீசிங் கிளைக்கு நீங்களே போங்கள், தம்பியை அனுப்பாதீர்கள். இன்றைய திகதியில் முழுக்கடனையும் தீர்த்தால் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். முன்கூட்டித் தீர்க்கும்போது வரவிருக்கும் வட்டியில் ஒரு பகுதி கழியும் என்பதால் 16 இலட்சத்து 34 ஆயிரத்தைவிடத் தொகை குறைவாகத்தான் வரவேண்டும். குறையவில்லையென்றால் ஏன் என்று கேட்டு விளக்கம் வாங்குங்கள். இரண்டாவதாக, லீசிங்கை வேறொருவர் பெயருக்கு மாற்ற அவர்கள் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். தம்பியின் கிரிப் இன்னும் சரிவராவிட்டால் அவருடைய மனைவியோ மனைவி வீட்டாரோ பொறுப்பேற்கலாம். வாகனத்தால் உழைக்கிற வீட்டின் பெயரில் வாகனம் இருப்பதுதான் முறை. மூன்றாவது வழி விற்பது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள். பழைய வாகனம் இனியும் விலையேறும் என்று சொல்லித் தம்பி இழுத்தடித்தால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தீர்க்கும் தொகையும் சந்தை விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றால் கூட விற்பதே புத்தி.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். லீசிங் தீராத வாகனத்தை வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரையில் கையெழுத்து வைத்துத் தம்பிக்கு “கொடுத்துவிட்டேன்” என்று வைத்துக்கொள்வது. வன்னியில் இது நிறைய நடக்கிறது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம், பதிவு உரிமையாளர் நீங்கள். நிறுவனம் விடுவிக்காமல் அந்தப் புத்தகம் மாறாது. அந்தத் துண்டை லீசிங்காரரும் பார்க்க மாட்டார், பிரதேச செயலகமும் பார்க்காது.

தம்பியிடம் எப்படிப் பேசுவது? சண்டைக்குப் போகாமல் திகதியோடு போங்கள். பட்டாக்காரருக்குக் கை நிறைகிற காலம் காலபோக அறுவடை, மாசி பங்குனியில் நெல்மூட்டை ஏற்றுகிற ஓட்டம். “தம்பி, அண்ணைக்கு வருத்தம், எங்கட நிவாரணம் உன்ர வாகனத்தால நிண்டுபோச்சு. அறுவடை முடியிறதுக்குள்ள நான் கட்டின 76 ஆயிரத்தைத் தா, வாகனத்தைப் பேர் மாத்து, இல்லாட்டில் விப்பம்” என்று உங்கள் கணவரையே சொல்லவையுங்கள். அவர் வாயால் வந்தால்தான் எடுபடும். அதுவரை தவணைக் காசை உங்கள் வங்கிக் கணக்கில் போட விடாதீர்கள். அவரே லீசிங் கவுண்டரில் ஒப்பந்த இலக்கத்தைச் சொல்லிக் கட்டி, பற்றுச்சீட்டின் படத்தை உங்கள் தொலைபேசிக்கு அனுப்பட்டும். நிவாரணம் விழுகிற கணக்கில் மாதாமாதம் 38 ஆயிரம் வந்து போனால் அது உங்கள் வருமானம் போலத்தான் தெரியும்.

முறையீட்டில் உண்மையை நேராக எழுதுங்கள்: வாகனம் என் பெயரில் லீசிங்கில் உள்ளது, ஓட்டுவதும் உழைப்பதும் கணவரின் தம்பி, பெயர் மாற்ற இன்ன திகதியில் கேட்டிருக்கிறேன். லீசிங் கிளை தந்த கடிதம், தம்பி கட்டிய பற்றுச்சீட்டுகள், கணவரின் கிளினிக் கொப்பியின் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். கிராம அலுவலரிடம் முதலில் காட்டிவிட்டு வவுனியா வடக்குப் பிரதேச செயலகத்தின் அஸ்வெசும பிரிவில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கு ஒரு திகதிமுத்திரை வாங்குங்கள். பெயர் மாறுமுன் பத்தாயிரம் திரும்பி வராமலும் போகலாம். மாறிய பிறகு தகவலைப் புதுப்பிக்கும்போது இந்தக் கடிதங்கள்தான் கைகொடுக்கும்.

சிறுநீரகக் காசுக்கு இத்தனை நாளாக விண்ணப்பிக்காததுதான் எனக்குக் கோபம். அஸ்வெசும குடும்பத்துக்கு, சிறுநீரகக் கொடுப்பனவு நோயாளிக்கு. ஒரு வீட்டுக்கு இரண்டும் வராது என்பது தேநீர்க்கடைச் சட்டம். 2025 ஏப்ரல் முதல் சிறுநீரகக் கொடுப்பனவு மாதம் 7,500இலிருந்து 10,000 ஆகியிருக்கிறது. வருடத்துக்கு 120,000 ரூபா, அதாவது நீங்கள் இழந்த அஸ்வெசும அளவு. நோயை உறுதிசெய்து கிளினிக் வைத்தியர் தருகிற சான்று, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். இதில் சறுக்குவது பெரும்பாலும் சின்ன இடங்களில்தான்: அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறொரு எழுத்து, இடம்பெயர்ந்த காலத்து விலாசம், வருடக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் முடங்கிய கணக்கு. கணக்கு கணவரின் பெயரில் இருக்கட்டும். இந்த இடத்திலும் உங்கள் பெயர் வேண்டாம்.

சிகிச்சைக்கு வருமானச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் வருமானம் கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை. வருமானம் பார்க்கிற இடம் ஜனாதிபதி நிதியம். சிறுநீரக மாற்றுப் போன்ற பெரிய சத்திரசிகிச்சை என்று வைத்தியர் ஒருநாள் சொன்னால் அங்கே கேட்கலாம். 2025 பெப்ரவரியிலிருந்து அந்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டாம். அதையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கொடுங்கள். அப்போது கேட்கப்படும் குடும்ப வருமானத்துக்குப் பக்கத்திலும் ஒரு பட்டா நின்றால் நன்றாயிராது.

காப்புறுதி ஏஜென்டுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு இப்படியான காப்புறுதிகள் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. இரண்டு வருடக் கிளினிக் கொப்பி கையில் இருக்கிறது. அதை மறைத்து எடுத்தால் பணம் கேட்கிற நாளில் அந்தக் கொப்பியைக் காட்டியே மறுப்பார்கள். காட்டி எடுத்தால் சிறுநீரகத்தை விலக்கிவிட்டு மற்ற நோய்க்கெல்லாம் தருவார்கள். மாதம் 4,500 என்றால் வருடத்துக்கு 54,000. அந்தக் காசில் முதலில் குழுக்கடனை முன்கூட்டி அடைக்க முடியுமா என்று பாருங்கள். அடகு மோதிரத்தின் தவணைத் திகதியையும் துண்டில் பார்த்து வையுங்கள், திகதி தாண்டினால் அது ஏலத்துக்குப் போகும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். தம்பி பக்கத்துக் காணியில் வீடு கட்டுகிறாரா? கட்டினால் வேலிக்கு மேலால் உங்கள் மீற்றரிலிருந்து அங்கே ஒரு வயர் போகிறதா? மின்சாரப் பாவனையும் அஸ்வெசுமவின் அந்த 22 அளவுகோல்களில் ஒன்று. கல்லறுக்கிற மெசினும் தண்ணி மோட்டரும் உங்கள் பில்லில் ஓடினால், அந்த வயரை நாளைக்கே கழற்றச் சொல்லுங்கள்.