பந்துக்குப் பின்னால் யோசிக்கலாம், பக்கத்தில் போனால் அடிக்கணும்: கோல்ஃப் கேள்வி பதில்

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பயிற்சித் தளத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். நம்ம மாவட்டத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்களில் பாதிப்பேர் வளைகுடாவில் பழகி வந்தவர்கள். மீதிப்பேர் லீவு நாளில் திருவனந்தபுரம் கவடியாருக்குக் காரை எடுத்துக்கொண்டு போகிறவர்கள். அடிப்பதற்கு முன்னால் செய்யும் ரொட்டீன் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஸ்விங் (மட்டையைச் சுழற்றி அடிக்கும் விதம்) பற்றி வந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். ஆளை அடிக்கச் சொல்லிப் பார்க்காமல் ஸ்விங்கைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

நாகர்கோவில்: அண்ணாச்சி, நான் புதுசு. அடிப்பதற்கு முன் என்ன வரிசையில் என்ன செய்யணும்?

முதலில் பந்துக்குப் பின்னால், இலக்கைப் பார்த்தபடி நில்லுங்கள். யோசிக்கிற வேலை முழுவதையும் இங்கேயே முடிக்க வேண்டும். பந்து எப்படிக் கிடக்கிறது, எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், எந்த கிளப் (மட்டை), எங்கே விழணும், இவ்வளவுதான். எங்கே விழணும் என்பது பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. ‘ஃபேர்வேயில் (புல் வெட்டிய நடுப்பாதையில்) எங்கேயாவது’ என்று நினைத்தால் பந்தும் எங்கேயாவதுதான் போகும். தூரத்தில் ஒரு மரக்கிளை, ஒரு கம்பம் என்று ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பந்திலிருந்து அந்த இலக்குக்குப் போகும் கோட்டில், பந்துக்கு ஓரிரு அடி முன்னால் ஒரு அடையாளம் பிடியுங்கள். காய்ந்த இலை, நிறம் மாறிய புல், பழைய டிவட் (கிளப் பட்டுப் புல் பெயர்ந்த தடம்) எதுவானாலும் போதும். கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் தன் காலம் முழுக்க இப்படித்தான் குறி பார்த்தார். காரணம் எளிது. கோல்ஃபில் நாம் இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்கிறோம். அந்த நிலையில் தலையைத் திருப்பி 150 யார்டுக்கு அப்பால் இருப்பதைப் பார்த்து நேர் பிடிப்பது கண்ணை ஏமாற்றும். காலடியில் இருக்கும் இலையை நோக்கி கிளப் முகத்தை (பந்தில் படும் பக்கத்தை) திருப்புவதை யாரும் செய்துவிடலாம்.

பிறகு ஒரு பயிற்சி ஸ்விங். அடிக்கப் போகிற அதே ஷாட்டை, அதே வேகத்தில் செய்ய வேண்டும். அப்புறம் பந்துக்கு நடந்து போங்கள். கிளப் முகத்தை முதலில் அந்த இலைக்கு நேராக வையுங்கள், கால்களை அதற்கப்புறம் வையுங்கள். பலரும் காலை முதலில் ஊன்றிவிட்டு கிளப்பை அதற்கேற்ப வளைக்கிறார்கள். வலதுகைக்காரருக்குக் கால், இடுப்பு, தோள் மூன்றும் இலக்கின் இடப்பக்கம் இணையாக ஓடும் ஒரு கோட்டில் இருக்க வேண்டும், தண்டவாளம் மாதிரி. உடம்பையே இலக்கை நோக்கித் திருப்பினால் கிளப் வலப்பக்கம் பார்க்கும்.

இலக்கை ஒரு தடவையோ இரண்டு தடவையோ பாருங்கள். கண் பந்துக்குத் திரும்பியதும் அடியுங்கள். அங்கே நின்று ‘6ஆம் நம்பர் அயர்ன் கிளப் போதுமா, 5 எடுத்திருக்கலாமோ’ என்று தோன்றினால் அடிக்காதீர்கள். வெளியே வந்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கோல்ஃப் வீராங்கனை அனிகா சோரன்ஸ்டாமின் பயிற்சியாளர் பியா நில்சனும் லின் மாரியட்டும் இதற்காக ஒரு கற்பனைக் கோடு போட்டார்கள். கோட்டுக்குப் பின்னால் யோசிக்கும் பெட்டி, முன்னால் ஆடும் பெட்டி. ரொட்டீன் பற்றி நான் சொல்லப் போகிற எல்லாமே இந்தக் கோட்டைச் சுற்றித்தான்.

மார்த்தாண்டம்: ரேஞ்சில் (பயிற்சித் தளத்தில்) நன்றாக அடிக்கிறேன். மைதானத்தில் இறங்கினால் அந்த ஆளே இல்லை. ஏன்?

ரேஞ்சில் ஒரு கூடைப் பந்தை ஒரே கிளப்பால், ஒரே திசையில், மூச்சுவிடாமல் அடிக்கிறீர்கள். பத்தாவது பந்துக்குள் கை அந்த அடியைக் கண்டுபிடித்துவிடும். மைதானத்தில் அந்த வசதி கிடையாது. டிரைவரால் (தூரம் அடிக்கும் கிளப்) ஒரு அடி அடித்து, ஐந்து நிமிடம் நடந்து, அப்புறம் ஒரு 8 அயர்ன். ஒவ்வொன்றும் ஒரே வாய்ப்பு.

பாதிக் கூடை வாங்குங்கள். ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்றுங்கள், இலக்கையும் மாற்றுங்கள். பந்துக்குப் பின்னால் போய் நின்று முழு ரொட்டீனையும் செய்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். போரடிக்கும். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கூடை காலியாக முன்பை விட அதிக நேரம் ஆகும். ஆனால் ரேஞ்சில் செய்யாத ரொட்டீன் முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) தானாக வராது. ஸ்விங்கில் ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கூடை. இரண்டையும் கலக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழி: எங்க ஊர் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்று மாறிக்கொண்டே இருந்தால் ரொட்டீன் எப்படி நிற்கும்?

முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு நான் காற்றைப் பற்றிப் பாடம் எடுப்பது கொஞ்சம் அதிகப்படிதான். இருந்தாலும் சொல்கிறேன். புல்லைக் கிள்ளி மேலே போட்டால் உங்கள் தோள் உயரக் காற்றுதான் தெரியும். பந்து அதைவிட எவ்வளவோ மேலே பறக்கிறது. மர உச்சியைப் பாருங்கள். கிரீனில் (குழி இருக்கும் புல்தரையில்) கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்றும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு சொன்னால் மர உச்சியை நம்பலாம்.

எதிர்க்காற்றில் வழக்கத்தை விட ஒன்றிரண்டு படி அதிக தூரம் போகும் கிளப்பை எடுத்து மெதுவாக அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் பின்சுழற்சி கூடி, பந்து மேலே ஏறி நின்று விழுந்துவிடும். இந்த முடிவும் கோட்டுக்குப் பின்னாலேயே ஆகிவிட வேண்டும். நின்ற பிறகு காற்று சட்டென்று மாறினால் விலகி வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் ஆடினால் இப்படிப் பலமுறை விலக வேண்டி வரும்.

குளச்சல்: பந்துக்கு முன்னால் நின்றதும் உடம்பு உறைந்துபோகிறது. கிளப்பைத் தூக்கவே முடியவில்லை, சார்.

இது உங்களுக்கு மட்டும் வருவது கிடையாது. 2012 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் நாள் முடிவில் கெவின் நா முன்னிலையில் இருந்தார். அவருக்கும் இதே தொல்லை. கிளப்பை ஆட்டுவார், ஆட்டுவார், ஸ்விங் தொடங்காது. சில சமயம் வேண்டுமென்றே பந்துக்கு மேலே சுற்றிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். உலகமே டிவியில் பார்த்தது.

அசையாமல் நிற்பதுதான் சிக்கல். உடம்பு நின்றுவிட்டால் கையிலும் தோளிலும் இறுக்கம் ஏறும், கிரிப் (கிளப்பைப் பிடிக்கும் பிடி) நெரிபடும். ஏதாவது ஒன்று அசைந்துகொண்டே இருக்கட்டும். பழைய சாம்பியன் பென் ஹோகன் வாகிளுக்கு (அடிக்கும் முன் கிளப்பை லேசாக ஆட்டுவது) அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்ததற்கு இது ஒரு காரணம். மணிக்கட்டைத் தளர்த்தி கிளப்பை லேசாக முன்னும் பின்னும் ஆட்டுவது, பாதங்களை மாற்றி மாற்றி மெல்ல அழுத்துவது, இரண்டில் உங்களுக்கு இயல்பாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விங்கைக் கிளப்பிவிட ஒரு சின்ன அசைவும் வேண்டும். கேரி பிளேயர் வலது முழங்காலை உள்ளே தள்ளுவார். நிக்லாஸ் மோவாயை வலப்பக்கம் திருப்புவார். அது நடந்துவிட்டால் ஸ்விங் தொடங்கியாச்சு, யோசிக்க இடமில்லை. கண்ணாடி முன்னால் நின்று பந்தில்லாமல் இந்த அசைவை மட்டும் பழகுங்கள். வாகிளை எண்ண ஆரம்பிக்காதீர்கள். எண்ணினால் கவனம் முழுக்க அதிலேயே போய்விடும்.

தக்கலை: ரொட்டீன் வைத்த பிறகு, என்னோடு ஆடுகிறவர்கள் ‘சீக்கிரம் அடிடே’ என்று சத்தம் போடுகிறார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். உங்கள் முறை வந்து, தடையில்லாமல் ஆடக்கூடிய நிலையில் 40 விநாடிக்குள் அடிக்க வேண்டும் என்று 2019இல் வந்த விதிகள் பரிந்துரைக்கின்றன. அதையும் விட வேகமாக ஆடுவது நல்லது என்றும் சேர்த்துச் சொல்கின்றன. ஒழுங்கான ரொட்டீனுக்கு அதில் பாதி போதும். தூரம் பார்ப்பது, கிளப் எடுப்பது எல்லாம் மற்றவர் அடிக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

2002 அமெரிக்க ஓப்பனில் செர்ஜியோ கார்சியா கிரிப்பைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தபோது கூட்டம் சத்தமாக எண்ணியது. உங்கள் கூட்டாளிகள் அந்த அளவுக்குப் போகவில்லையே, சந்தோஷப்படுங்கள்.

குலசேகரம்: எனக்கு நேர் பிடிக்க வராது. கேடியை (கிளப் பையைத் தூக்கி உதவுபவரை) பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாமா? தரையில் ஒரு கிளப்பைப் போட்டு நின்றால்?

போட்டியில் இரண்டும் கூடாது. நீங்கள் ஸ்டான்ஸ் (அடிக்க நிற்கும் நிலை) எடுக்கத் தொடங்கியதிலிருந்து அடித்து முடிக்கும் வரை, பந்துக்குப் பின்னால், இலக்கையும் பந்தையும் சேர்க்கும் கோட்டிலோ அதை ஒட்டியோ கேடி வேண்டுமென்று நிற்கக் கூடாது. 2019இல் வந்த விதி இது. மறந்து நின்றுவிட்டால், அடிப்பதற்குள் நீங்கள் விலகி வந்து, கேடியும் நகர்ந்த பிறகு புதிதாக நின்றால் தண்டனை இல்லை.

கிளப் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. தரையில் கிளப் வைத்து அதன் உதவியோடு ஸ்டான்ஸ் எடுத்துவிட்டால், அடிப்பதற்கு முன் எடுத்துப் போட்டாலும் தண்டனை உண்டு. ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) கணக்கில் இரண்டு அடி கூடும், மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெல்லும் ஆட்டம்) அந்தக் குழியே போச்சு. பந்தின் மேல் கோடு வரைந்து வைத்துக்கொள்ளலாம். புட் பண்ணும்போது (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும்போது) நிறையப் பேர் அதைத்தான் நம்புகிறார்கள். பயிற்சியில் கிளப்பைத் தாராளமாகப் போடுங்கள்.

கன்னியாகுமரி: புட்டுக்கும் அதே ரொட்டீன்தானா?

அதே அமைப்பு, உள்ளே இருப்பது வேறு. புட்டில் எவ்வளவு வேகம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எவ்வளவு வளையும் என்பதை அதற்கப்புறம். வேகம் மாறினால் வளைவும் மாறிவிடும். பந்துக்குப் பின்னாலிருந்து ஒரு பார்வை, சரிவின் தாழ்ந்த பக்கத்திலிருந்து ஒரு பார்வை. நம்ம பக்கத்துச் சூட்டில் பெர்முடா புல்லாக இருந்தால் அது சாய்ந்திருக்கும் திசையையும் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களை விட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாகத் தெரிந்தால் கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டும்.

பயிற்சி ஸ்ட்ரோக்கைக் குழியைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள், தரையைப் பார்த்து வேண்டாம். பந்தைக் குறி பார்த்து எறியும்போது எறியப் போகும் இடத்தைத்தானே பார்ப்போம். அப்புறம் நின்று, கண்ணைப் பந்தின் மேல் அமைதியாக நிறுத்தி, அடித்த பிறகும் ஒரு கணம் அங்கேயே வைத்திருங்கள். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் புட்டில் ஆட்டக்காரர்களின் பார்வை எங்கே நிற்கிறது என்று ஆராய்ந்தார். நன்றாக ஆடுகிறவர்களின் கடைசிப் பார்வை நீண்டு, ஒரே இடத்தில் நிற்கிறது. மற்றவர்களின் கண் அலைகிறது.

தூத்தூர்: நான் கால்பந்து ஆடுகிறவன். பெனால்டிக்கு இது உதவுமா, அண்ணே?

உதவும். ஓடத் தொடங்கும் முன் மூலையை முடிவு செய்துவிட வேண்டும், ஓட ஆரம்பித்த பிறகு மாற்றக் கூடாது. கோல்ஃப் பந்துக்கு முன்னால் எந்த கோல்கீப்பரும் கையை விரித்துக்கொண்டு குதிப்பதில்லை, அந்த அளவுக்கு எங்கள் பாடு லேசு.

சுசீந்திரம்: அடிக்கும் முன் சாமி கும்பிடுவேன். அதை ரொட்டீனில் சேர்க்கலாமா?

தாராளமாக. சிலுவை போடுகிறவர்களும் உண்டு. கோட்டுக்குப் பின்னாலேயே கும்பிட்டுவிடுங்கள், எல்லா அடிக்கும் ஒரே மாதிரி கும்பிடுங்கள். மூன்றடி புட்டுக்கு மட்டும் நீளமாக வேண்டினால் பயம் தெரிந்துவிடும்.

இரணியல்: மகளுக்கு 11 வயது. அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பாதியாகக் குறைத்துவிடுங்கள், அக்கா. பின்னால் நின்று இலக்கைப் பார், ஒரு ஸ்விங், போய் அடி. அவ்வளவு போதும். கிளப் முகம், கால் வரிசை எல்லாம் பிறகு வரும். ஒவ்வொரு அடிக்கும் பின்னாலிருந்து நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தால் அவளுடைய ரொட்டீனில் உங்கள் குரலும் சேர்ந்துவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்குக்குக் கேடியாக நின்றது அவருடைய அம்மாதான். ஒரே ஒரு அடியில் பதக்கம் போய் நான்காம் இடம். தூரம் அடிப்பதில் பின்தங்கியவர், புட்டால்தான் அவ்வளவு மேலே வந்தார். மகளுக்கு அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

கருங்கல்: என் ரொட்டீன் சீராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நண்பரிடம் போனைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில ஷாட்டுகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கிளப் முகத்தைப் பந்துக்குப் பின்னால் வைத்ததிலிருந்து ஸ்விங் தொடங்கும் வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். நல்ல ஷாட்டுக்கும் மோசமான ஷாட்டுக்கும் அது ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. தண்ணீரைத் தாண்டி அடிக்கும்போது மட்டும் கூடுகிறதென்றால், நீங்கள் முடிவெடுக்காமலேயே பந்துக்குப் போய்விடுகிறீர்கள்.

மணவாளக்குறிச்சி: நம்ம ஊர் வியர்வையில் கிளவுஸ் நனைந்து வழுக்குகிறது. ரொட்டீனே கெட்டுப்போகிறது.

இரண்டு கிளவுஸ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். அடித்ததும் கழற்றிவிடுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று, துண்டில் கையைத் துடைத்து, கிளவுஸ் போட்டு ஒட்டும்போது ரொட்டீன் தொடங்கட்டும். கிரிப்பையும் அதே துண்டால் துடைத்துவிடுங்கள். கழற்றின கிளவுஸைச் சுருட்டிப் பையில் திணிக்காமல் வெளியே தொங்கவிடுங்கள், அடுத்த டீக்குள் ஓரளவு காய்ந்துவிடும்.